முள்ளில்லாத சோத்துக்கோப்பை

- செருப்புக் கழண்டது தெரியேல்லையோ ஐயா? கதவடியில ஒண்டு கிடக்கு.

- கழண்டிட்டுதோ? தெரியேல்ல டொக்டர்.

- இவருக்குத் தெரியாது டொக்டர். காலில செருப்பு இருந்தாலும் தெரியாது, இல்லாட்டியும் தெரியாது. இந்த வருசம் மட்டும் நாலு செருப்புத் துலைச்சிட்டார். நாலும் இடக்கால். வீட்டு வாசலில நாலு வலக்கால் செருப்பு வரிசையாக் கிடக்கு. றோட்டால போற சனம், எடித், உங்கட வீட்டுக்கு ஒத்தைக்கால் ஆக்கள் நாலு பேர் வந்திருக்கினமோ எண்டு கேக்குது.

- அம்மா, நான் ஐயாவைத்தான் கேட்டனான்.

- பரவாயில்ல டொக்டர். அவ சொல்லட்டும்.

- அவ சொன்னதெல்லாம் போன கிழமையே எழுதிப்போட்டன். துண்டில இனி இடமில்லை. இப்ப இரத்தம் சோதிச்ச ரிப்போட் வந்திருக்கு. முதல்ல ஆளைச் சரிபாப்பம். யாகப்பர், வயசு நாப்பத்தொன்பது, ஊர் விடத்தல்தீவு, தொழில் கடல். சரியோ?

- சரி.

- கடல் எண்டு எழுதிக்கிடக்குது, ஆள் கரையில. நீங்களே கேளுங்கோ டொக்டர், முந்தி இவர் தனிய வலை இழுத்தா அருளப்பு வள்ளத்துக்குள்ள குந்தியிருந்து பீடி குடிப்பான். அருளப்புதான் இவற்ற பங்காளி. இப்ப அவன் இழுக்கிறான், இவர் குந்தியிருந்து இழைக்கிறார். அஞ்சு பாக நீளம் வலை இழுத்தாக் காணும், கை பஞ்சாப்போகுதாம். திருநாள் முடிய வேற ஆள் பாக்கப்போறன் எண்டு அருளப்பு நேற்று வீட்டுக்கு வந்து சொல்லிப்போட்டுப் போறான். வள்ளத்தில இருந்து இறக்கிவிட்டா இவர் என்ன செய்யிறது? அரசாங்கக் கச்சேரியில உத்தியோகமோ பாக்கிறது?

- அதுக்குத்தானே இஞ்ச வந்திருக்கிறீங்கள். ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. விறைப்பு இப்ப எவ்வளவுக்கு வந்திட்டுது?

- முழங்கால் மட்டும்.

- போன கிழமை கணுக்கால் எண்டு சொன்னனீங்கள்.

- போன கிழமை முழங்கால்தான். கணுக்கால் எண்டு சொன்னா வீட்ட விட்டிடுவீங்கள் எண்டு நினைச்சன்.

- பாத்தீங்களோ டொக்டர், டொக்டரிட்டையும் பொய். நான் இந்த மனுசனோட இருவத்தாறு வருசம்.

- சரி. எழும்பி நில்லுங்கோ ஐயா. ரெண்டு காலையும் சேர்த்து வையுங்கோ. இப்ப கண்ணை மூடுங்கோ. பயப்பிடாதேங்கோ, நான் பக்கத்தில நிக்கிறன். அம்மா, பிடியுங்கோ அம்மா, மற்றப் பக்கம் பிடியுங்கோ. மெல்ல. அந்தக் கதிரையில இருத்துங்கோ.

- இதைத்தான் டொக்டர் ஊரில குடி எண்டுகினம். பின்னேரம் கரையால வரேக்க ஆடி ஆடி வாறார். சனம் சிரிக்குது. நானும் ஒவ்வொரு நாளும் வாசலில மறிச்சு வாயை மணந்து பாத்தனான். ஒரு மணமும் இல்லை. குடிச்சிருந்தாலும் காரியமில்லை, காரணமெண்டு ஒண்டு இருந்திருக்கும். இண்டைக்கும் பாருங்கோ, மன்னார் பஸ் ஸ்ராண்டில இறங்கினவுடன ஒரு கழுதையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். கழுதை கொஞ்ச நேரம் பாத்தது, பிறகு அது தன்ர பாட்டில நடந்திட்டுது. இவர் றோட்டில.

- கழுதை நல்ல கழுதை. ரெண்டு நிமிசம் நிண்டது.

- கேளுங்கோ கதையை. நான் என்ன செய்யாமல் விட்டனான் டொக்டர்? கண்ணூறு எண்டு மிளகாய் சுத்திப் போட்டன். கோயில் எண்ணெய் வாங்கி முழங்காலில பூசினன். பரியாரி தந்த சூரணம் குடுத்தன். அது குடிச்சு வயித்தாலயும் போனது. நீங்கள் நறுவிலிக்குளத்து யோகராசா வாத்தியாற்ற மகள்தானே? முகம் அப்பிடியே கிடக்கு.

- ஓம் அம்மா. அதுக்கும் ஐயாவின்ர காலுக்கும் சம்பந்தமில்லை. ரெண்டு நிமிசம் கதையாமல் இருக்கிறீங்களோ? நான் ரிப்போட்டைச் சொல்லவேணும்.

- அவ கதைக்கட்டும் டொக்டர். எனக்குக் கேக்கும்.

- உங்களுக்குக் கேக்கும் ஐயா, எனக்கு யோசிக்க ஏலாமக் கிடக்கு. சரி, நாக்கை நீட்டுங்கோ. இன்னும். பாருங்கோ அம்மா, நாக்கு எப்பிடிச் சிவந்து வழுவழுவெண்டு கிடக்கு. உறைப்புச் சாப்பிட்டா எரியுதோ?

- எரியுது.

- அதையும் எனக்குச் சொல்லேல்ல. நான் ஒவ்வொரு நாளும் தூள் போட்டுக் காய்ச்சிக் குடுக்கிறன்.

- இப்ப கேளுங்கோ, ரெண்டு பேரும். ஐயாவின்ர இரத்தத்தில விற்றமின் பி-12 எண்டொரு சத்து இல்லை எண்டே சொல்லலாம். அது குறைஞ்சா இரத்தம் ஊறாது. ஆள் களைக்கும், தசை சோரும், நரம்பு பழுதாப்போகும். கால் விறைக்கிறது, ஆடுறது, செருப்புக் கழண்டது தெரியாதது எல்லாம் அதாலதான். கண்ணூறும் இல்லை, குடியும் இல்லை.

- சத்துக் குறைவோ? எங்கட வீட்டிலயோ?

- எனக்கும் அதுதான் விளங்கேல்ல அம்மா. இந்தச் சத்து மரக்கறியில கிடையாது. மீனில இருக்கு, நண்டில இருக்கு, இறைச்சி, முட்டை, பாலில இருக்கு. இந்த ரிப்போட்டில உள்ள ஆள் வருசக்கணக்கா மீனை மணந்தும் பாத்திருக்காது. கடலுக்குப் போற ஆளின்ர இரத்தமில்லை இது.

- அப்ப மாறிப்போச்சுது டொக்டர். ஆரோ கோயில் ஐயரின்ர ரிப்போட்டைத் தூக்கி இவற்ற துண்டோட குத்திப்போட்டினம்.

- ஐயர் பால் குடிப்பார் அம்மா. அவருக்கும் இதைவிடக் கூடத்தான் இருக்கும். ரெண்டு தரம் சோதிச்சது. மாறேல்ல.

- இவர் பால் குடியார், அது உண்மை. தேத்தண்ணி எண்டா பிளேன்ரீதான். முட்டையும் மணக்குது எண்டுவார். ஆனா மீன் டொக்டர், மீன். நான் ஒரு நாளும் தவறவிடுறேல்ல. காலமை பொரிச்ச மீன் வைச்சு மத்தியானச் சாப்பாடு கட்டிக் குடுக்கிறன். இரவில திரளி சொதி, இல்லாட்டி நண்டுக் குழம்பு. வெள்ளிக்கிழமை இறைச்சி விடுற சுத்தபோசனத்துக்கும் மீன்தான். மீனைச் சாப்பிடலாம் எண்டு திருச்சபையே விட்டிருக்கு.

- அப்ப ரெண்டில ஒண்டு. சாப்பிடுற சத்தை வயிறு எடுக்கேல்ல, இல்லாட்டி சத்து வயித்துக்குப் போகேல்ல. வயிறுதான் எண்டா யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவேணும். அங்க தொண்டைக்குள்ளால குழாய் விட்டு, உள்ளுக்குப் பாப்பினம்.

- குழாய் வேண்டாம் டொக்டர்.

- நோகாது ஐயா.

- நோகிறதுக்கில்லை. அரசாங்கத்தின்ர குழாய். வீணாக்கக்கூடாது.

- பயந்தாங்கொள்ளி. டொக்டர், நீங்கள் எழுதுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன். வயித்துக்குள்ளதான் ஏதோ கிடக்கு. இவ்வளவு சாப்பாடு போகுது, ஒண்டும் உடம்பில ஒட்டேல்ல. இரவில சோத்துக்கோப்பை கழுவ எடுத்தா ஒண்டும் மிச்சமிராது. ஒரு முள்ளுக்கூட இராது.

- முள்ளும் இராதோ?

- ஒரு முள்ளும் இராது. துடைச்சு வைச்ச மாதிரி.

- நண்டு காய்ச்சின நாளிலயும்?

- நண்டுக் கோதும் இராது.

- அம்மா, நண்டுக் கோதை ஆர் சாப்பிடுவினம்?

- இவர் ஒருமாதிரிக் கடிச்சுச் சப்பித் திண்டிடுவார் எண்டு நினைச்சன். பசியாக்கும் எண்டு.

- ஐயா எங்க இருந்து சாப்பிடுறவர்?

- பின்பக்கப் படியில. காத்து வேணுமாம். நான் குசினிக்குள்ள நிண்டு அண்டைக்கு நடந்ததெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பன். இவர் ஓம், ஓம் எண்டு கேட்டுக்கொண்டு சாப்பிடுவார்.

- வீட்டில நாய் நிக்குதோ?

- நிக்குது. ரைகர். கண்டுக்குட்டியளவு. ஊரில உள்ள நாயெல்லாம் விலா எலும்பு தெரியத் திரியுதுகள், இது மட்டும் மினுமினுவெண்டு உருண்டு கிடக்குது. கஞ்சிதான் டொக்டர் ஊத்துறன். கஞ்சியில இப்பிடி வருமோ எண்டு நானே அதிசயப்பட்டுக்கொண்டு...

- ஐயா.

- ஓம் டொக்டர்.

- மத்தியானச் சாப்பாட்டு மீன் ஆருக்கு?

- அருளப்புக்கு.

- மாதாவே. அதுதான் அவன் ஊதிப்போய்க் கிடக்கிறானோ? மனுசிக்காரி என்னட்ட வந்து, இவருக்கு என்ன வருத்தமோ தெரியேல்ல, சாரம் இடுப்பைச் சுத்திக் காணுதில்லை எண்டு அழுதவள். நான் அவளுக்கு ஆறுதல் சொன்னனான் டொக்டர், நான். என்ர பொரிச்ச மீனைத் திண்டுபோட்டு வந்து என்ர மனுசனை வள்ளத்தால இறக்கப் பாக்கிறான்.

- அவனில பிழையில்லை எடித். நான்தான் குடுத்தனான்.

- எவ்வளவு காலமா ஐயா?

- அஞ்சு வருசம் முடியுது.

- அஞ்சு வருசமா மீன், இறைச்சி, முட்டை, பால் ஒண்டும் இல்லையோ?

- உயிருள்ளதில வாறது ஒண்டும் வாயில வைக்கேல்ல. சோறு, பருப்பு, சம்பல். மாசிக் கருவாடு போட்ட சம்பல் எண்டா அதுவும் இல்லை. மடுமாதாவுக்கு நேர்த்தி.

- நேர்த்தியோ? எனக்குத் தெரியாமலோ? ஒரே கூரைக்குள்ள, ஒரே அடுப்பில, அஞ்சு வருசம் நேர்த்தியோ? நான் நெருப்பில நிண்டு பொரிச்சதெல்லாம் நாய்க்கோ?

- ரைகர் ஒரு நாளும் குறை சொன்னதில்ல.

- இதில பகிடி வேற.

- அம்மா, கோவிக்கிறதை வெளியில போய்க் கோவியுங்கோ. ஐயா, நான் சைவக்காரி. எங்கட வீட்டிலயும் விரதம் பிடிக்கிறவை. அம்மா கந்தசட்டிக்கு ஆறு நாள் பட்டினி கிடப்பா. நேர்த்தியை நான் பிழை சொல்ல மாட்டன். ஆனா இது ஆறு நாள் இல்லை. இன்னும் ஒரு வருசம் இப்பிடி விட்டா நடக்கவே ஏலாமப் போகலாம். பழுதான நரம்பு முழுக்கத் திரும்பி வரும் எண்டு ஆராலும் சொல்லேலாது. இண்டைக்கே மீன் சாப்பிடத் தொடங்கவேணும்.

- ஏலாது டொக்டர்.

- சுவாமியாரிட்டச் சொன்னா நேர்த்தியை மாத்தித் தருவார். அதுக்குப் பதிலா மடுவுக்கு நடந்து போ, இல்லாட்டி ஒரு பூசை ஒப்புக்குடு எண்டுவார். நான் இண்டைக்கே போய்க் கதைக்கிறன்.

- நீ கதைக்கவேண்டாம். சுவாமியார் மாத்துவார், அவருக்கு நல்ல மனசு. மாதா மாத்துவாவோ எண்டு எனக்குத் தெரியாதே. கேட்டது கிடைச்சிட்டுது. நான் குடுத்ததைத் திருப்பி எடுத்தா, அவவும் தந்ததைத் திருப்பி எடுத்திட்டா?

- கால் போனாலுமோ ஐயா?

- கால் போனா கரையில இருந்து கிழிஞ்ச வலை பொத்துவன். மாதா தந்தது போனா இருக்கேலாது.

- சரி. வேற வழி ஒண்டு இருக்கு. இந்தச் சத்தை ஊசியாப் போடலாம். முதல் ரெண்டு கிழமை ஒண்டைவிட்டொரு நாள், பிறகு மூண்டு மாசத்துக்கு ஒருக்கா. நேர்த்தி சாகும்வரைக்கும் எண்டா ஊசியும் சாகும்வரைக்கும்.

- ஊசியில மீன் இருக்கோ?

- இல்லை.

- முட்டை?

- இல்லை ஐயா. கண்ணுக்குத் தெரியாத கிருமியளைக்கொண்டு செய்யிறது.

- கிருமியளுக்கு இரத்தம் இருக்கோ டொக்டர்?

- கிருமிக்கு இரத்தமில்லை.

- கண், மூக்கு?

- அதுவும் இல்லை.

- அப்ப போடுங்கோ. நேர்த்தி வாயாலதான் வைச்சனான். கையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்ல.

- கையில இல்லை, கொஞ்சம் கீழ. துண்டு எழுதித் தாறன், அடுத்த அறையில போடுவினம். ஒரு மாசத்தில களைப்புக் குறையும். கால் ஆறுதலாத்தான் வரும். அருளப்புவிட்டச் சொல்லுங்கோ, மூண்டு மாசம் பொறுக்கச் சொல்லி.

- பொறுப்பான். அஞ்சு வருசம் என்ர மீனைத் திண்டவன். பொறுக்காட்டி ஒவ்வொரு முள்ளா எண்ணிக் கேப்பன். ஆனா டொக்டர், துண்டை இப்ப எழுதாதேங்கோ. எனக்கு முதல்ல ஒரு ஞாயம் தெரியவேணும். இஞ்சருங்கோ, ஆருக்கு வைச்ச நேர்த்தி?

- ஒரு ஆளுக்கு.

- எந்த ஆளுக்கு?

- சண்டைக்கு ஓடி அகதி முகாமில இருக்கேக்க, ஒராளுக்குச் சுகமில்லை. சுகம் வரவேணும் எண்டு.

- ஆம்பிளையோ பொம்பிளையோ?

- பொம்பிளைதான்.

- பொம்பிளைதான் எண்டு எவ்வளவு ஆறுதலாச் சொல்லுறார் பாருங்கோ டொக்டர். முகாமில எந்தப் பொம்பிளை?

- அம்மா, வெளியில இன்னும் நாப்பது பேர் நிக்கினம்.

- நாப்பது பேரும் இதைக் கேட்டா வருத்தத்தை மறந்திடுவினம் டொக்டர். மாக்கிறட்டோ? எங்கட கூடாரத்துக்குப் பக்கத்துக் கூடாரம். அவளுக்குத்தான் நீங்கள் தண்ணி வாளி தூக்கிக் குடுத்தனீங்களாம். ஊருக்கு வந்த பிறகு அவளே சொன்னவள். யாகப்பு அண்ணை மாதிரி மனுசன் இல்லை எண்டவள்.

- மாக்கிறட்டுக்குப் பல்லுக்கொதிதான் எடித். பல்லுக்கொதிக்கு ஆர் சாகும்வரைக்கும் மீனை விடுவான்?

- அப்ப பல்லுக்கொதியும் தெரிஞ்சிருக்கு. எனக்கு ஒண்டும் தெரியாது டொக்டர். முகாமில நான் காய்ச்சலாக் கிடந்தனான். எட்டு மாசம். நல்ல காய்ச்சலாம், ஒண்டும் நினைவில்லை. ஊருக்கு வெளிக்கிட்டு பஸ்ஸில ஏறினதுதான் எனக்கு ஞாபகம். அதுக்குள்ள இவர் ஊரில உள்ள பொம்பிளையளுக்கெல்லாம் நேர்த்தி வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறார்.

- ஒராளுக்குத்தான்.

- அவளுக்கு இப்ப சுகமோ?

- நல்ல சுகம். மாதா கேட்டதுக்கு மேலயே தந்திட்டா.

- எங்க இருக்கிறாள்?

- இந்தப் பக்கம்தான்.

- என்ன வருத்தம் அவளுக்கு?

- அதைச் சொல்லமாட்டன். அவ மறந்தே போனா. மறந்தது மறந்ததா இருக்கட்டும்.

- ஐயா, எனக்கு இதுக்குள்ள வர விருப்பமில்லை. ஆனா சொல்லிப்போட்டா எல்லாருக்கும் சுகம் போல கிடக்கு.

- சொல்லேலாது டொக்டர்.

- சரி. நல்லது. சொல்லவேண்டாம். நான் மீன் பொரிச்சது பொரிச்சதுதான், நாய் திண்டது திண்டதுதான். ஆனா ஒண்டு சொல்லுறன், டொக்டர் சாட்சி. எவள் எண்டு சொல்லுமட்டும் நான் இனி உங்களோட ஒரு சொல்லும் கதைக்கமாட்டன். வீட்டிலயும் இல்லை, றோட்டிலயும் இல்லை, பஸ்ஸிலயும் இல்லை. மாதா சத்தியம். இதுதான் கடைசிச் சொல்லு.

- எடித், விசர்க்கதை கதையாத. சத்தியத்தைத் திருப்பி எடு.

- அவ சும்மா சொல்லுறா ஐயா. துண்டை எழுதுறன், நீங்கள் போய் ஊசியைப் போடுங்கோ.

- எடித். இஞ்ச பார். என்னைப் பேசு. அருளப்புவைப் பேசு. நாயைப் பற்றி ஏதாவது சொல்லு.

- அம்மா, காணும். பாவம், ஐயா கதிரையால எழும்பப் பாக்கிறார். ஒரு சொல்லுச் சொல்லுங்கோ.

- சுவரைப் பாக்காத எடித். அந்தப் பார்வை வேண்டாம். செருப்பைப் பற்றிச் சொல்லு, டொக்டர் கேக்கிறா. நாலு செருப்புக் கதையைத் திருப்பிச் சொல்லு.

- ஐயா, ஏன் இப்பிடிப் பதறுறீங்கள்? வீட்ட போக எல்லாம் சரியாப் போகும்.

- உங்களுக்குத் தெரியாது டொக்டர். எடித், கேள். காய்ச்சல் எண்டு நான் உனக்குச் சொன்னது பொய். செல் விழுந்து செத்த உன்ர தங்கச்சியைப் புதைச்ச அண்டு வாயை மூடினனீ, பிறகு எட்டு மாசம் ஒரு சொல்லுக் கதைக்கேல்ல. சோறு தீத்தினாத் திண்டனீ, இருத்தினா இருந்தனீ, கூடாரச் சீலையையே இப்பிடிப் பாத்துக்கொண்டு கிடந்தனீ. என்ர எடித் வாய் திறந்து என்னைப் பேசினாலும் காணும், சாகுமட்டும் மீனையோ உயிருள்ளதில வாற ஒண்டையோ தொடமாட்டன் எண்டு அந்தக் கூடாரத்துக்குள்ள முழந்தாளில நிண்டு சொன்னனான். டொக்டர் எத்தினை ஊசியெண்டாலும் போடட்டும், நீ மட்டும் வாயை மூடாத.